மாற்று எஞ்சின்

மாலை வெயில் பட்டறைக்குள் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் நிழலில், மூடியைத் திறந்தபடி நிற்கிறது அவளுடைய கார். நேற்று மலைச்சரிவின் நடுவில் புகைந்து நின்றுபோனது. பக்கத்தில், தரையில் சாக்கு விரித்து ஒரு பழைய எஞ்சினைக் கிடத்தியிருக்கிறார்கள். "உங்க எஞ்சின் சீஸ் ஆகி இறுகிப்போச்சுக்கா. இதை மாட்டிட்டா குதிரைதான்," என்கிறார் மெக்கானிக். "பேசாம வண்டியையே மாத்திடலாம்," என்கிறாள் அவள். அந்தச் சரிவில் தினமும் மகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவள் அவள்தான். "நல்லவேளை, என்னை இன்னும் மாத்தாம வச்சிருக்கா," என்று கணவன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்க்கிறாள். கழுவித் துடைத்த இரும்பு, சில்லென்று இருக்கிறது. "இது எந்த வண்டியில இருந்ததுண்ணே?" "ஆக்ஸிடென்ட் ஆன வண்டிக்கா. கவலையே படாதீங்க. முன்பக்கம் சப்பையா நசுங்கியும் எஞ்சின்ல ஒரு கீறல் இல்ல. ஓட்டுனவங்கதான்..." மெக்கானிக் சட்டென்று நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். கணவன் தொண்டையைச் செருமுகிறான். "அதுக்கு எஞ்சின் என்ன பண்ணும்? மாட்டிடுங்க. நாளைக்குப் பாப்பாவுக்குப் பரீட்சை." உத்தரத்திலிருந்து எஞ்சினில் மாட்டிய சங்கிலி கறகறவென்று இழுபடுகிறது. எஞ்சின் தரையை விட்டு எழுகிறது, காற்றில் மெல்லச் சுழல்கிறது, அவள் பக்கம் திரும்பியதும் அசையாமல் நிற்கிறது.