ஜன்னல் சொன்ன இடம்

போன தவக்காலத்தில், ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது, எங்கள் சம்பந்தியம்மா எஸ்தர்பாய் சொன்ன கதை இது.

ஒரு வீட்டுக்குப் பெரிய மீன் தொட்டி வந்தது. ஐந்து மீன்கள் தண்ணீர்ப் பையில் காத்திருக்க, தொட்டி தனக்கு இடம் தேடியது.

"என் மேல ஏறிக்கோ. வர்றவங்க கண்ணு முதல்ல இங்கதான் விழும்" என்றது டிவி மேஜை.

"தண்ணி நிறைஞ்சா இருநூறு கிலோ இருப்பேன் அண்ணே. உங்களுக்கு இப்பவே ஒரு கால் ஆடுதே!"

மேஜை அந்தக் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

தொட்டி ஜன்னலிடம் போனது. பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் பார்த்தறியாத ஜன்னல் அது.

"அக்கா, உங்க பக்கத்துலயே இருக்கட்டுமா?"

ஜன்னலுக்கு எவ்வளவு ஆசை! ஆனாலும், "வேண்டாம்மா. மத்தியானம் அந்தச் சுவரைத் தாண்டி என் வழியா வர்ற வெயில் தண்ணியைக் கொதிக்க வச்சிடும். உன் பிள்ளைங்க தாங்காது. ரூமுக்குள்ள எனக்கு எதிர்ச் சுவரோரம் நிழலா இருக்கு, அங்க போ" என்றது.

ஆண்டவரே, என்ன மனசு அதற்கு!

தொட்டி அங்கே போய்த் தரையில் அழுந்த உட்கார்ந்தது. மீன்கள் பிழைத்தன. பொழுது சாய்ந்து தொட்டிக்குள் விளக்கு எரிந்ததும், ஜன்னல் கண்ணாடியிலும் ஐந்து மீன்கள் நீந்தின.

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருந்தால், சாயங்காலம் எதிர் ஜன்னலின் திரையைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.