ஆரவாரத்துக்குச் சற்று முன்

வானொலியில் ‘இதே நாளில்’ நிகழ்ச்சியை நான் வழங்குகிறேன். பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி வெட்டி ஒட்டித் தருவது என் அண்ணி. அவருக்குப் பாம்புக்காது.

இன்றைய தேதியில் மூன்று சிக்கின. ஒரு பாலம் திறந்தது, ஒரு சிறைக்கதவு திறந்தது, ஒரு போர் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி.

“தம்பி, ஜனங்க கத்த ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கேளு” என்று என் தலையில் ஹெட்போனை மாட்டினார்.

மூன்றிலும் ஒரே சிறுமி, அதே மூச்சிரைப்போடு கத்தினாள்: “அக்கா, சீக்கிரம் வா! ஆரம்பிக்கப் போறாங்க!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. “வெட்டிடாதீங்க அண்ணி, அப்படியே போகட்டும்!”

நேரலையில் மூன்றும் ஓடி முடிந்தன. கடைசியில், வழக்கம்போல, இந்த நாள் சொல்லும் பாடத்தை நான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மண்டையைக் குடைந்தும் ஒன்றும் தேறவில்லை. சமாளித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அக்கா, சீக்கிரம் வா!”

ஹெட்போனில் இல்லை. லாரி ஹாரன்கூட நுழையாத எங்கள் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு வெளியே, தெருவில்.

எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. ஈரத்தலையோடு, பாதி சவரம் செய்த முகத்தோடு எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள்.

அண்ணிக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. “இதோ வந்துட்டேன்டி!” என்று கத்திக்கொண்டே செருப்பை மாட்டினார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். பாதிப் படியில்தான் உறைத்தது, மேலே மைக்கை அணைக்கவில்லை. இன்றைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

ஆரவாரம் இன்னும் எழவில்லை.