கையில் நிற்காத பந்து

"அவன் கை வச்சிருக்கானா, இல்ல கரண்டி வச்சிருக்கானா? மூணாவது மேட்சும் போச்சே!"

வேன் ராணிப்பேட்டையைத் தாண்டுவதற்குள் அப்துல் சமத் ஆரம்பித்துவிட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். கத்தியைக் கீழே வைத்தாலும் வாய் வெட்டிக்கொண்டுதான் இருக்கும். வேனில் இருந்த எல்லாருமே கம்பெனி பேஸ்பால் டீமின் ரசிகர்கள். ஆடியவர்கள் முன்னால் போன வேனில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

ரசிகர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்த கோபி, டீமின் கிட் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்தான். ஜன்னலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

ஆம்பூருக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஷூ வாங்கும் அமெரிக்கருக்கு அந்த ஆட்டம் என்றால் உயிர். அவர் மனசைக் குளிர வைக்க முதலாளி ஒரு டீம் ஆரம்பித்தார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கம்பெனிகளும் ஆரம்பித்தன. முதலில் சிரித்த ஜனம், இப்போது பிரியாணியை ஆறவிட்டு ஆட்டத்தைப் பேசுகிறது.

"பிட்சர் பாவம், உசுரக் குடுத்து வீசறான்" என்றாள் தையல் பிரிவு மோகனா. "பின்னாடி குந்திக்கினு பந்து பிடிக்கிற ஷாஜின்தான் விட்டுக்கினே இருக்கான். பிராக்டிஸ்ல ஒண்ணு விடறானா? மேட்சுன்னா மட்டும் இன்னா ஆவுது?"

"மத்தவங்க மட்டும் ஒழுங்கா? அவனப் பாத்து அவங்களும் விடறாங்க" என்றார் சமத். "சாமான்லயாவது குறை சொல்ல முடியுமா? மேட்சுக்குன்னே தனியா எடுத்து வச்ச புது கிளவுஸ், நம்ம கம்பெனித் தோலு. ராணிப்பேட்டைக்காரனே தொட்டுப் பாத்துட்டுப் பெருமூச்சு விட்டான். சாமான் ஃபர்ஸ்ட் கிளாஸு, ஆளுதான் பேஜாரு!"

மோகனா திரும்பினாள். "கோபி, மேனேஜர் உன் பேச்சத்தான் கேப்பாரு. ஷாஜின எடுத்துடச் சொல்லு. அடுத்த மேட்சும் போனா டீமையே கலைச்சிடுவாங்களாம்."

கோபி ஜன்னலை மறுபடி மூடினான். தெருவில் பந்து பிடித்துக்கொண்டிருந்த ஷாஜினைக் கம்பெனிக்குக் கூட்டி வந்ததே அவன்தான். டீமில் நிலைத்தால் வேலை பர்மனென்ட், இல்லையென்றால் வெளியே. அப்படிப் பேசித்தான் எடுத்திருந்தார்கள். ஷாஜின் மனைவி கேத்தரின் வேறு மாசமாக இருந்தாள்.

கம்பெனி கேட்டில் ஷாஜின் காத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, பந்து கரெக்டா கைக்குள்ளதான் வருது. சத்தியமா. வந்து நிக்க மாட்டேங்குது."

"பயம்டா. கூட்டத்தப் பாத்ததும் உள்ளங்கை வேர்க்குது."

"எனக்கு இன்னா பயம்? இன்னும் ஒரே ஒரு மேட்ச் வாங்கிக் குடுண்ணா. உன் கால்ல வேணா விழறேன்."

"சேச்சே, இன்னாடா பேச்சு இது!" கோபி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். கிட் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான்.

அன்று சோறு இறங்கவில்லை. ஷாஜினா, டீமா? புரண்டு புரண்டு படுத்து, எழுந்து தண்ணீர் குடித்து, கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டான். காலையில் மேனேஜர் அறைக்குள் போய், "ஷாஜின் வேணாம் சார். பிராக்டிஸுக்கு வர்ற பூவரசனப் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

அந்த வாரமே ஷாஜினின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் தாண்டும்போது அவன் கோபியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது கோபிக்கு.

அடுத்த மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம், கோபி வேலை செய்யும் ஃபினிஷிங் பிரிவுக்குப் பூவரசன் வந்தான். கைகளைப் பிசைந்துகொண்டே நின்றான்.

"பயமா இருக்குண்ணா. ஷாஜின் எம்மாம் நல்லா பிடிப்பான்! அவனாலயே முடியலன்னா நான் எங்க?"

"பயப்படாத. நீ பிடிப்ப."

"நானும் விட்டுட்டேன்னா?"

"விடமாட்டடா! நம்ம ஜனமே நாளைக்கு உனக்காக வந்து கத்தப்போவுது." கோபி கிட் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். "ஒரு நல்ல பையன அனுப்பிட்டு உன்ன நிக்க வச்சிருக்கோம். நீ ஜெயிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

கோபி கிட் பையைத் திறந்து, உள்ளே இருந்த கிளவுஸை எடுத்து அவனிடம் நீட்டினான். பூவரசன் வாயைப் பிளந்தான். "இன்னாண்ணா இது, கண்ணாடி மாதிரி இருக்கு!"

கோபிக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "பின்ன? நம்ம டீமு எடுப்பா தெரிய வேணாமா? ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தின நாளு, பார்ட்டி ஷூவுக்கு அடிக்கிற பாலிஷ எல்லா கிளவுஸுக்கும் என் கையால ஒரு கோட்டு அடிச்சு வைப்பேன். ஷாஜினுக்கும் அப்படித்தான் செஞ்சேன், அவனுக்குக் குடுத்து வைக்கல. உனக்கு ஸ்பெஷலா ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன், ஈ உக்காந்தாக்கூட வழுக்கி விழும், பாரு!"