மூடாத ஃபைல்

"இன்னிக்கும் நின்னு போச்சா?"

மேனேஜர் நாச்சியப்பனின் குரல் ஐஸ் கம்பெனி ஹால் முழுக்கக் கேட்டது. எதிரே நின்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் இளமதி.

"சார், போன்ல வர்ற ஆர்டர் எல்லாம் சர்வர்ல ரெக்கார்டு ஆகுது. பேக்கப் ஓடுறப்ப பழசைத் தானா அழிச்சிட்டு, புதுசைப் புதுக்கோட்டை ஆபீஸ் சர்வருக்கு நகல் அனுப்பணும். ஒரு பழைய ஃபைல்ல போய் முட்டிக்கிட்டு நிக்குது. யாரோ அதைத் திறந்தே வச்சிருக்காங்க."

"யாரோன்னா? முதலாளி ஒன்னையே மாத்தச் சொல்றாரு. ஆளைக் கண்டுபுடி, சீட்டைக் கிழிச்சிடுறேன்."

இளமதிக்கு உண்ணாமலை மேல்தான் சந்தேகம். ஆர்டர் எடுக்கிறவள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஹெட்போனும் காதுமாக உட்கார்ந்திருப்பாள். மீன்பிடிக்கப் போன புருஷன் வெற்றிசெல்வனைக் கடல் கொண்டுபோயும் இவளுக்குப் பாட்டு கேக்குது பாரு என்று ஆபீஸே முணுமுணுத்தது.

"அக்கா, பழைய ரெக்கார்டிங் எதையும் திறந்து வச்சிருக்கீங்களா?"

உண்ணாமலை ஹெட்போனைக் கழற்றினாள். "ஒண்ணே ஒண்ணு கேப்பேன்மா. கேட்டதும் மூடிருவேன். வேணா பாரு."

திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை.

இளமதி மறுபடி சர்வரில் தேடினாள். ஃபைலைப் பிடித்து வைத்திருந்த கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. எழுந்து மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆளு தெரிஞ்சிருச்சு சார்."

"யாரு? வரச்சொல்லு இங்கிட்டு."

"நீங்கதான் சார்."

நாச்சியப்பன் தன் திரையைப் பார்த்தார். குரலில் இருந்த சத்தமெல்லாம் எங்கோ போயிருந்தது.

"பழசு தானா அழிஞ்சிரும்னு நீதான் சொன்னே. திறந்திருக்கிற ஃபைலை அழிக்க முடியாதுன்னும் நீதாம்மா சொன்னே. அதான் நான் கம்ப்யூட்டரை ஆஃப்கூடப் பண்றதில்ல. பேக்கப் இதாலதான் நிக்குதுன்னு தெரியாமப் போச்சு. அந்தப் பிள்ளை உண்ணாமலைகிட்ட சொல்லிறாத."

"தனியா ஒரு நகல் எடுத்து வச்சிட்டாப் போதும் சார்."

பென்டிரைவில் எடுத்தாள். மூடப்போன கையை அவர் தடுத்தார்.

"செத்த இரும்மா. நகல் ஒழுங்கா வந்திருக்கான்னு போட்டுப் பாத்துட்டு மூடு."

போட்டாள். போட் இன்ஜின் சத்தம். அதற்கு மேலே ஓர் ஆணின் சிரிப்பு.

"மேடம், ஒங்க வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் பேசுறேன். கெளம்பியாச்சு. திரும்பி வந்ததும் அடுத்த கடல் தொழிலுக்கு ஐஸ் வேணும், எடுத்து வைங்க மேடம். வாரேன்."