குவாரி வழி

"படிக்கட்டு வேண்டாம். குவாரி வழியாப் போலாம்" என்றார் பாலகோபால்.

மதுக்கரையைத் தாண்டி இருக்கிற சின்ன மலை அது. காலையில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். மேலே போக மூன்று வழி. கிழக்கே, பாதி மலை வரைக்கும் கார் போகிற தார் ரோடு. தெற்கே, கைப்பிடி வைத்த படிக்கட்டு. மேற்கே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரியின் ஓரமாக ஒரு தடம். மழையில் மண் கரைந்து, கல்லெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

மகன் சசிதர் கார் ரோட்டைத்தான் சொன்னான். அது பிடிக்கவில்லை என்றால் படிக்கட்டில் போகலாம், அங்கங்கே உட்கார்ந்து ஏறலாம் என்றான்.

அதிலேயே சூது இருப்பதாக பாலகோபாலுக்குப் பட்டது. எழுபது வயசுக்கு மேல் வாழ்ந்து அவர் கற்று வைத்திருந்தது ஒன்றுதான். எவன் சுலபமான வழியைக் காட்டுகிறானோ, அவனுக்கு அதில் ஏதோ லாபம் இருக்கிறது. பெற்ற பிள்ளை நல்லவன்தான். ஆனாலும் விமானத்தில் வந்து இறங்குகிற பிள்ளையை முழுசாக நம்ப முடியாது.

போன மாதம் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். மனைவி வெங்கடம்மாள் செத்த பிறகு வீட்டில் அவர் ஒருத்தர்தான். பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருக்காமல் சிங்கப்பூருக்குப் போன் போட்டுவிட்டான். சசிதர் லீவு போட்டு வந்தான். வந்த அன்றைக்கே மொட்டை மாடியில் நின்று தன் மனைவி சாய்ப்ரியாவிடம் அவன் போனில் பேசியது இவர் காதில் விழுந்தது.

"ஹோமைப் பத்தி இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது சாய். நைனா நல்லா நடக்கறாரா இல்லையான்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணோணும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. கால் போன மாட்டைத்தான் சந்தைக்கு ஓட்டுவார்கள். தானாக நடக்கிறவனை எவன் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விடுவான்? தான் கட்டின வீட்டில்தான் தன் உயிர் போக வேண்டும். அதற்கு மேல் அவருக்கு எந்த ஆசையும் இல்லை. மறுநாள் சாப்பிடும்போது, ஞாயிற்றுக்கிழமை மலை ஏறிவிட்டு வரலாம் என்று அவரே பேச்செடுத்தார். மகன் திகைத்துப் போனான். பிறகு சரி என்றான்.

அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த சென்னியம்மாள், குவாரி வழி என்றதும் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க பெரியவரே, அந்தத் தடத்துல நாங்க ஆட்டையே உடறதில்லீங்க. நீங்க ஒருத்தர் ஏறுனா, எறக்கிக் கொண்டார நாலு பேரு வேணுமுங்க."

"நாலு பேரு எப்படியும் ஒரு நாளைக்கு வேணுமில்ல அம்மணி. நீ டீயில சக்கரையைப் போடு."

வானம் மூடிக் கிடந்தது. வெயிலே வரவில்லை. பாலகோபால் முன்னால் நடந்தார், சசிதர் பின்னால் வந்தான். கொஞ்ச தூரத்திலேயே அவருக்கு இடது முட்டி பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று, அதோ பார் சிமெண்ட் ஆலைப் புகை, இதோ பார் ரயில் ரோடு என்று கையைக் காட்டினார். மகன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் முட்டியை அமுக்கி விட்டுக்கொண்டார்.

குவாரிப் பள்ளத்தை ஒட்டிய வளைவில் கல் உருண்டது. கால் சறுக்கி, கையை ஊன்றி நின்றார். சசிதர் ஓடி வந்து தோளைப் பிடித்தான். அவர் உதறினார்.

"முடியலைன்னா சொல்லிப்போடுங்க நைனா. அதுல ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல. நான் இருக்கேன்."

"நீ இருப்படா, சிங்கப்பூர்ல."

அவன் கண் கலங்கின மாதிரி இருந்தது. நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"முட்டி வலிக்குதா? நெசத்தைச் சொல்லுங்க" என்று மறுபடியும் கேட்டான்.

"வலியெல்லாம் இல்ல. உனக்கு முடியலைன்னா சொல்லு, தூக்கிட்டுப் போறேன்."

அதன் பிறகு அவர் எங்கேயும் நிற்கவில்லை. முட்டிக்குள் தணலை வைத்துக் கட்டின மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மகன் இரண்டு தரம் கை நீட்டினான். இரண்டு தரமும் பார்க்காத மாதிரி போனார்.

உச்சியில் வெறும் மொட்டைப் பாறை. பனி மூடி, கோயமுத்தூர் இருக்கிற திசையே தெரியவில்லை. உட்காரச் சொல்லிக் கால் கெஞ்சியது. அவர் உட்காரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இருபது வயசுக்காரன் மாதிரி நின்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். இனி ஒருத்தனும் தன்னை வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது.

சசிதர் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான். பெருமூச்சு விட்டான். பிறகு தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றபடி போனை எடுத்தான். காற்று இந்தப் பக்கமாக அடித்தது.

"நல்லாவே ஏறிட்டார் சாய், கையைக்கூடப் புடிக்க உடல" என்றான் மனைவியிடம். "நடக்க முடியாதவங்களை அந்த ஹோம்ல சேத்துக்க மாட்டாங்கன்னுதான், நான் வேலையை உட்டுப்போட்டு இவரோடவே வந்து இருந்தர்லாம்னு இருந்தேன். இனி அதுக்கு அவசியமில்ல, நாளைக்கே கொண்டுபோய்ச் சேத்திப்போட்டு வாரேன்."