ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி

கடைசி வரிசையிலிருந்த ஆள் மூன்றாவது முறையாகக் கை தூக்கினார். முழங்கையில் மைதா மாவு அப்பியிருந்தது. கலூர் ஓட்டலில் பரோட்டா போடுகிறவராம், அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறாராம்.

மட்டாஞ்சேரி இலக்கிய விழாவில் மைக்குக்குக் காவல் ஸ்வர்ணலதா. போன வருஷம் 'ஒரே ஒரு கேள்வி' என்று மைக் வாங்கிய புண்ணியவான் சொந்தக் கவிதை பதினாறு வாசித்து மானத்தை வாங்கிவிட்டார். இந்த வருஷமும் அப்படி நடந்தால் கமிட்டியில் அவளுக்கு இடமில்லை.

"அம்மா, நான் வந்து..."

"நான் வந்து, நீ வந்து எல்லாம் வேண்டாம் சேட்டா. உட்காருங்கோ!"

"அஞ்சு மணிக்குப் பாட்டு ஆரம்பிச்சிருவாங்க. அதுக்குள்ள ரெண்டே வார்த்தை பேசணும்மா."

"எல்லாருக்கும்தான் பேசணும்!"

மேடையில் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன் ஒரு நாவலைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். நாவலை எழுதிய பொன்மணி அம்மாவை இன்னும் காணோம். கமிட்டியில் யாரும் அவரைப் பார்த்ததில்லை, மெயிலில்தான் பழக்கம். இடப்பள்ளி நெரிசலில் மாட்டியிருப்பார். அதனால் என்ன, எழுதினவர் இல்லாவிட்டால் பேசுகிறவருக்குக் கொண்டாட்டம்தானே!

"பிரசவ வலி பெத்தவளுக்குத்தான் தெரியும். ஆம்பளை எவனாவது இப்படி ஒரு வரி எழுதிடுவானோ? அதுலயும் கடைசியில அவள் காயல்ல விழுந்து சாகற இடம் இருக்கே, அடடா!"

"அவ சாகலைங்க!" பரோட்டாக்காரர் கத்தியே விட்டார்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஸ்வர்ணலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளை எழுதின கதையில் இந்த ஆளுக்கு என்ன பஞ்சாயத்து?

வெளியே பாட்டுக்குழு டிரம்ஸைத் தட்டிப் பார்த்தது. பாதிக் கூட்டம் அதற்காகத்தான் காத்திருந்தது, செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டது.

"கொடும்மா மைக்கை, பாமரனும் பேசட்டும்" என்று பேராசிரியர் பெரிய மனது பண்ணினார். "ஏன் ஓய், புஸ்தகத்தை முழுக்க வாசிச்சீரா?"

ஸ்வர்ணலதா மைக்கை நீட்டினாள், அடிப்பகுதியை மட்டும் விடவில்லை.

"எழுதினதே நான்தான் சார். பொன்மணி எங்க வீட்டம்மா பேரு."