இன்னும் ஓர் அணு

சாயங்கால வெயில் கண்ணாடிச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. குவாண்டம் கணினியைக் குளிர்விக்கும் பம்பு மட்டும் ஒரே தாளத்தில் மூச்சு வாங்குகிறது. கைப்பையை மடியில் இறுக்கியபடி இயற்பியல் ஆராய்ச்சிக்காரி திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு காந்தப் படிகத்துக்குள் அணுக்கள் ஒன்றையொன்று எப்படி ஆட்டிவைக்கின்றன என்று பார்க்கும் கணக்கு அது. நேற்றுவரை விடிய விடிய ஓடும். "கணக்கு ஓடுது, வர முடியாது" என்று புருஷனிடம் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே சாக்கும் அதுதான். இன்று மேஜைமேல் வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "எப்படி என் புது வழி?" என்கிறார் கணக்கை இப்படிச் சுருக்கும் முறையைக் கண்டுபிடித்த சக ஊழியர், எல்லோருக்கும் அவர் வாத்தியார். "இனிமே நேரத்தோட வீட்டுக்குப் போலாம். எனக்கு ஒரு சிலை வைம்மா." "வைக்கிறேன் வாத்தியாரே. வாசல்ல, வழியை அடைச்சு வைக்கிறேன்." அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், அவளுக்கு உதடு மட்டும் சிரிக்கிறது. போன் அதிர்கிறது. "முடிஞ்சுதா?" புருஷன் குரலில் கோபம்கூட இல்லை. "இல்லங்க, ஓடுது." "யாரு கூட இருக்க? சிரிப்புச் சத்தம் கேக்குது." "பெரிய கணக்குங்க. நேரமாகும்." பேசிக்கொண்டே படிகத்தில் ஓர் அணுவைச் சேர்த்து மறுபடி ஓடவிடுகிறாள். பழைய முறையில் ஓர் அணு கூடினால் நேரம் இரட்டிப்பாகும். இப்போது இமைப்பொழுதுதான் கூடுகிறது. இன்னொன்றைச் சேர்க்கிறாள். அதற்கும் கணக்கு திணறவில்லை. "பரவால்ல, மெதுவா முடி. கீழ வண்டியிலதான் உக்காந்திருக்கேன்." கண்ணாடிக்கு அப்பால், வாசலை ஒட்டினாற்போல் அந்தக் கார் நிற்கிறது. அவள் இன்னும் ஓர் அணுவைச் சேர்க்கிறாள். டீயிலிருந்து ஆவி இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. முடிந்தது என்கிறது திரை.